துயர வீட்டுக்குப் போகும் முன்

(நெருக்கடி நேரத் தொண்டர்களுக்கான பயிற்சி வகுப்பில் அறக்கட்டளையின் சார்பில் நிகழ்த்தப்பட்ட தொடக்க உரை)





நம் அறக்கட்டளையில் ஆம்புலன்ஸ் இருக்கிறது. ஃப்ரீசர் பெட்டி இருக்கிறது. இரவு எத்தனை மணிக்கு போன் வந்தாலும் எழுந்து ஓட இளைஞர்கள் இருக்கிறார்கள். கபர் வெட்டவும், ரத்தம் கொடுக்கவும், வெளிநாட்டில் வபாத்தானவரின் மையத்தை ஊருக்குக் கொண்டுவரக் காகிதம் எழுதவும் நமக்குப் பழக்கம் உண்டு. ஆனால் பெட்டியை இறக்கி வைத்த பிறகு, அந்த வீட்டுத் திண்ணையில் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவரிடம் என்ன பேசுவது? அங்கேதான் நமக்குக் கை கால் ஓடுவதில்லை. ஒன்றும் பேசாமல் திரும்பியிருக்கிறோம். சில வேளை பேசக்கூடாததைப் பேசிவிட்டும் வந்திருக்கிறோம்.

இந்த இரண்டு நாள் வகுப்பு அதற்காகத்தான். எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதை மனநல ஆலோசகர்கள் கற்றுத் தருவார்கள். அதற்கு முன், துயரத்தில் இருப்பவர் முன் நாம் எந்த ஒழுங்கோடு போய் நிற்க வேண்டும் என்பதை மட்டும் பேச விரும்புகிறோம். எங்கள் பிழை ஒன்றிலிருந்தே தொடங்குகிறோம்.

கஜா கற்றுத்தந்தது

2018 நவம்பர் 16. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்த நாள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்து கிடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். நம் ஊர்ப்பக்கம் தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்றுதான் சொல்வோம். பிள்ளைபோல வளர்த்த மரங்கள் ஒரே இரவில் விழுந்துவிட்டன.

நாங்கள் அரிசி மூட்டை, தார்ப்பாய், மெழுகுவத்தி எல்லாம் ஏற்றிக்கொண்டு போனோம். ஒரு ஊரில், தோப்பு முழுவதையும் இழந்த பெரியவர் ஒருவருக்கு மூட்டையைக் கொடுத்தோம். கொடுக்கும்போது போட்டோ எடுத்தோம். நன்கொடை தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் அல்லவா, அப்படித்தான் நினைத்தோம். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போனது. மூன்றாம் நாள் அந்தப் பெரியவர் மூட்டையைப் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். "தம்பி, இத்தனை வருசமா நான் நாலு பேருக்குத் தேங்காய் கொடுத்தவன். எம் பொண்ணு படிக்கிற காலேஜ் வரைக்கும் இந்தப் படம் போயிடுச்சு. அது வெளியே வர மாட்டேங்குது" என்றார். திட்டவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

எங்களில் மூத்தவர் ஒருவர் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டார். தேநீர் வாங்கி வரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேறொன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தார். அரைமணி நேரம் கழித்துத்தான் அந்தப் பெரியவர் அழத் தொடங்கினார். புயலுக்குப் பிறகு அன்றுதான் முதன்முதலில் அழுகிறேன் என்று அவரே சொன்னார்.

அரிசி கொடுத்த நாளில் நாம் செய்யாத உதவி, அரிசியைத் திருப்பித் தந்த நாளில்தான் நடந்தது. புயல் அவருடைய மரங்களை எடுத்தது. மிச்சம் இருந்த மானத்தை எடுத்தது நாம். இழந்து நிற்பவரிடம் இன்னும் என்னவெல்லாம் மிச்சம் இருக்கிறதோ, அவருடைய மானம், ரகசியம், தன் காரியத்தைத் தானே முடிவு செய்யும் உரிமை, அத்தனையும் அந்த நேரத்துக்கு நம் கையில் அமானிதமாக வருகின்றன. உயிரைக் காப்பது முதல் கடமை. அடுத்த கடமை அமானிதத்தைக் காப்பது. இன்று சொல்லப்போவது எல்லாம் இந்த இரண்டுக்குள் அடங்கும்.

நெருக்கடி என்பது நோய் அல்ல

1942 நவம்பர் 28 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு கேளிக்கை விடுதி தீப்பிடித்து 492 பேர் இறந்தார்கள். எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர், பிழைத்தவர்களையும் உறவுகளைப் பறிகொடுத்தவர்களையும் கவனித்து 1944-இல் எழுதினார். மூச்சு முட்டுதல், சாப்பாடு இறங்காமை, 'நான் காப்பாற்றியிருக்கலாமே' என்ற குற்ற உணர்வு, காரணமில்லாத கோபம், இறந்தவரே கண்முன் நிற்பதுபோன்ற நினைப்பு ஆகியவற்றை அவர்களிடம் கண்டார். பேரிழப்பைச் சந்தித்த மனிதர் இப்படி ஆவது இயல்பு என்றும், உரிய நேரத்தில் துணை கிடைத்தால் பெரும்பாலோர் மீண்டு எழுகிறார்கள் என்றும் விளக்கினார். நெருக்கடி நேர ஆலோசனை என்ற துறைக்கு அடித்தளமாக அமைந்த எழுத்துகளில் அது முக்கியமானது.

அந்தத் தீயைப் பற்றி பாஸ்டன் வரை போய்ப் படிக்க வேண்டிய நிலையில் நாம் இல்லை. 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை காலை, நம் கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 26-இல் சுனாமி வந்து நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அன்று பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மீனவ மக்களுக்குச் சோறாக்கிப் போட்டதை நாடே பேசியது. சோறு போடுவது நமக்குத் தெரியும். ஆண்டுதோறும் ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பிள்ளைகளின் படத்துக்கு முன் விளக்கேற்றும் பெற்றோரைப் பாருங்கள். சோறு போட்ட பிறகும் தீராத வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது என்பது புரியும்.

நெருக்கடி என்றால் தீயும் வெள்ளமும் மட்டுமல்ல. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காமல் போனால் குறுவை போச்சு. கதிர் வரும் நேரத்தில் மழை பெய்து சம்பா மூழ்கினால் போட்ட கடன் போச்சு. குழு லோன் கட்ட முடியாத பெண்ணின் வாசலில் வசூல்காரர் வந்து உட்காருவதும் நெருக்கடிதான். வளைகுடாவிலிருந்து மாதாமாதம் வந்த பணம் நின்று, போனும் நின்று போவதும், பிளஸ் டூ முடிவு வந்த நாளும், தலாக் சொல்லிவிட்டதாகச் செய்தி வந்த இரவும் நெருக்கடிதான். வழக்கமாகக் கைகொடுக்கும் வழி எதுவும் கைகொடுக்காத நேரம் எதுவோ அதுவே நெருக்கடி. அந்த நேரத்தில் இருப்பவரைப் பைத்தியம் என்றோ, ஈமான் குறைந்தவர் என்றோ எண்ணிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

முதல் மணி நேரம்

உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு, களத்தில் நிற்பவருக்கு மூன்று வேலைகளைச் சொல்கிறது: பார், கேள், இணை.

பார் என்றால், முதலில் ஆபத்து ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது. அறுந்த மின்கம்பி கிடக்கிறதா, காயம் உண்டா, மாத்திரை சாப்பிடுகிற சர்க்கரை நோயாளி காலையிலிருந்து பட்டினியா, குழந்தைகளை யார் வைத்திருக்கிறார்கள்? எல்லோரும் அழுகிறவரைச் சுற்றி நிற்கும்போது, மூலையில் பேசாமல் வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவர் இருப்பார். அவரையும் பாருங்கள்.

கேள் என்றால், விசாரணை அல்ல. 'என்ன நடந்தது, எப்படி நடந்தது, யார் முதலில் பார்த்தது' என்று வருகிற ஒவ்வொருவரும் கேட்டு, அந்தத் தாயை ஐம்பது முறை அதே கதையைச் சொல்ல வைக்கிறோம். நடந்ததை விவரமாகச் சொல்ல வைத்தால் பாரம் இறங்கிவிடும் என்று முன்பு மருத்துவ உலகிலேயே ஒரு நம்பிக்கை இருந்தது. பேரிழப்பு நடந்தவுடன் அப்படி வற்புறுத்திப் பேச வைப்பது பயன் தருவதில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பதால் இப்போது அதைக் கைவிட்டுவிட்டார்கள். "பக்கத்தில் உட்காரலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். அவர் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அந்த மௌனத்தையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒன்றை ஆலிம்களின் முன்னிலையில் மரியாதையோடு சொல்கிறோம். ஸபர் செய்யுங்கள் என்ற சொல்லை அழுகையை அடைக்கும் மூடியாக நாம் பயன்படுத்துகிறோம். தம் குழந்தை இப்ராஹீம் இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் கண்ணீர் வடித்தார்கள். கதீஜா அம்மையாரையும் அபூதாலிபையும் இழந்த ஆண்டுக்குத் துயர ஆண்டு என்றே வரலாற்றில் பெயர். மகன் யூசுஃபைப் பிரிந்து அழுதே யஃகூப் நபியின் (அலை) கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவர்களைவிடப் பொறுமையாளர் யார்? அழ விடுங்கள். 'எல்லாம் நன்மைக்கே', 'இன்னொரு பிள்ளை பிறக்கும்', 'உனக்குப் பரவாயில்லை, அடுத்த தெருவில் மூன்று பேர்' என்ற பேச்சுகள் வேண்டாம்.

இணை என்றால், அவரை அவருடைய ஆட்களோடும் தேவையான இடத்தோடும் சேர்த்து வைப்பது. அக்கா எந்த ஊரில் இருக்கிறார், யாருக்குச் சொல்ல வேண்டும், தாசில்தார் அலுவலகத்துக்கு என்ன காகிதம் வேண்டும் என்று பார்த்துச் செய்யுங்கள். தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள். 'நிவாரணம் நிச்சயம் வந்துவிடும்' என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அது வராதபோது, இரண்டாம் முறை இடிந்துபோவதற்கு நாம் காரணமாகிவிடுவோம்.

கேட்கத் தயங்காத கேள்வி

'வாழ்ந்து என்ன பயன்', 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி' என்று ஒருவர் சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே, அன்பாகக் கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டு. அப்படி ஆவதில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் அவர் காத்திருப்பார். ஆம் என்று சொன்னால், அதற்காக ஏதும் ஏற்பாடு செய்து வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு, முடிந்தால் வேறு வீட்டுக்கே, மாற்றச் சொல்லுங்கள்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அந்த எண்ணம் உச்சத்தில் நிற்கும் நேரம் பல வேளை மிகக் கொஞ்சம். அந்த நேரம் கடக்கும்வரை கைக்கு எட்டாமல் இருந்தாலே ஓர் உயிர் தப்பும். 1986-இல் சென்னையில் 'சிநேகா' அமைப்பைத் தொடங்கிய மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை நம் டெல்டாவின் கடைக்கோடியிலேயே செய்து பார்த்தார்கள். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல், பொதுக் கட்டடத்தில் பூட்டுள்ள பெட்டிகளில் வைக்க விவசாயிகளுக்கு ஏற்பாடு செய்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். நம் ஜமாஅத்துகளும் கிராமப் பெரியவர்களும் சேர்ந்தால் இங்கும் செய்யலாம்.

ஏற்கெனவே ஏதாவது சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் பேச்சே வேண்டாம். கை வைத்தியமும் வேண்டாம். உடனே 108. போலீஸ் கேஸ் ஆகுமே என்று ஒளித்து வைத்து நேரத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. ஆஸ்பத்திரியிலிருந்து காவல் நிலையத்துக்குத் தகவல் போவது வழக்கமான நடைமுறை. ஆனால் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும் என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. இதைக் குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

'ஹராம்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளிம்பில் நிற்கும் முஸ்லிமுக்கு அது ஹராம் என்பது நமக்குத் தெரிவதைவிட நன்றாகத் தெரியும். முதல் வார்த்தையாக அதைச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார். எண்ணம் மட்டும் உள்ளேயே இருக்கும். அப்படி ஒருவர் இறந்துபோன வீட்டில் ஜனாஸா பற்றிய கேள்வி எழுந்தால் அதை ஆலிம்களிடம் விடுங்கள். வாசலில் நின்று தீர்ப்புச் சொல்லும் வேலை தொண்டருக்கு இல்லை.

ரகசியம் யாருடையது?

துயரத்தில் ஒருவர் நம்மிடம் சொன்னது அவருடைய பொருள். அதைத் தேநீர்க் கடையிலோ, குழுவிலோ, வீட்டுக்காரியிடமோ, பெயரை மறைத்து மேடையிலோகூடச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. பெயரை மறைத்தாலும் நம் ஊர்களில் தெருவைச் சொன்னாலே ஆளைத் தெரியும். நாங்கள் இன்று சொன்ன பெரியவரின் கதைகூட, அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே சொல்லப்பட்டது.

ரகசியத்தை மீற வேண்டிய இடம் மூன்று: அவர் உயிருக்கு ஆபத்து, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து, குழந்தைக்குத் தீங்கு. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். "உங்க உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும் நான் இன்னொருத்தர்கிட்ட சொல்லுவேன், அதையும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்." குழந்தை மீதான பாலியல் கொடுமை தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். குடும்ப மானம், பள்ளி மானம், ஜமாஅத் மானம் என்று பேசி முடித்துவைக்க அங்கே இடமே இல்லை. குழந்தைகளுக்கான எண் 1098.

முடிவு யாருடையது?

கணவர் அடிக்கிறார் என்று ஒரு பெண் வந்து நிற்கிறார். நமக்கு உடனே என்ன தோன்றுகிறது? இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசிச் சேர்த்துவைக்க வேண்டும். நல்ல எண்ணம்தான். ஆனால் அவர் கேட்டது அதையா? இன்றிரவு எங்கே படுப்பது என்பதே அவருடைய கேள்வியாக இருக்கலாம். அவர் பாதுகாப்பை முதலில் பாருங்கள். 181 என்ற மகளிர் உதவி எண்ணைச் சொல்லுங்கள். என்னென்ன வழிகள் உண்டு, எதில் என்ன சிரமம் என்று எடுத்து வையுங்கள். எடுப்பது அவர் முடிவு. இத்தாவில் இருக்கும் பெண்ணுக்காக மைத்துனர்கள் கையெழுத்து வாங்க அவசரப்பட்டால், "இப்போது வேண்டாம், நாள் இருக்கிறது" என்று சொல்ல நமக்குத் துணிவு வேண்டும். இடிந்துபோயிருக்கும் நேரத்தில் வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது.

இதே காரணத்தால் அறக்கட்டளையும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. நாம் பைத்துல்மாலிலிருந்து பணம் கொடுப்பவர்கள். கொடுக்கும் கை முன்னால் நிற்பவர், சொல்ல விரும்பாததையும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று நினைப்பார். எனவே இனி, வீட்டுக்குப் போய்த் துணை நிற்பவர் வேறு, பண உதவி பற்றி முடிவு செய்பவர் வேறு. துணை நிற்பவர் கேட்டறிந்தது கமிட்டிக்கு வராது. மாற்றுச் சமயத்துச் சகோதரர் வீட்டுக்குப் போகும்போதும் இதே ஒழுங்குதான். துயரம் யாருடைய கதவையும் மார்க்கம் பார்த்துத் தட்டுவதில்லை. அந்த வீட்டில் நாம் மார்க்கம் பேசப் போகவில்லை.

நம் எல்லை

இரண்டு நாள் வகுப்பு நம்மை மருத்துவராக்காது. மாத்திரை சொல்லாதீர்கள், நோய்க்குப் பெயர் வைக்காதீர்கள். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுகிறவரை 'அதை நிறுத்துங்க, ஓதிப் பார்க்கலாம்' என்று சொல்லவே கூடாது. ஓதுவதும் துஆவும் மாத்திரையோடு சேர்ந்தே நடக்கட்டும். தூக்கமில்லாமை, பயம், தன்னிலை மறத்தல் ஆகியவை வாரக்கணக்கில் நீடித்தாலோ, ஒருவர் தனக்குத் தீங்கு செய்வார் என்று தோன்றினாலோ, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்ட அரசு மருத்துவமனைக்கோ கூட்டிக்கொண்டு போங்கள். 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். 104-லும் உதவி உண்டு. எண்ணைக் கையில் திணித்துவிட்டு வராமல், முதல் அழைப்பின்போது பக்கத்திலேயே இருங்கள்.

இருவராகப் போங்கள். பெண்களிடம் பேசப் பெண் தொண்டர் போகட்டும். தனியாக, ராத்திரியில், சொந்த போனில் தொடரும் பேச்சுகள் இருவருக்கும் நல்லதல்ல. திரும்ப வருகிறேன் என்று சொன்னால் அந்த நாளில் போய்விடுங்கள். மூன்றாம் நாளும் நாற்பதாம் நாளும் வீடு நிறைய ஆள் இருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வீடு காலியாகும். நம் தேவை அப்போதுதான் அதிகம்.

கடைசியாக உங்களைப் பற்றி. கொரோனா காலத்தில் மையத்துகளைச் சுமந்த நம் தம்பிகளில் சிலர் பிறகு பல நாள் தூங்கவில்லை. அவர்களிடம் நாம் 'மாஷா அல்லாஹ், நன்மை கிடைக்கும்' என்றோமே தவிர, 'எப்படி இருக்கே தம்பி?' என்று கேட்கவில்லை. அதுவும் எங்கள் பிழைதான். இனி ஒவ்வொரு துயர வீட்டுக்குப் பிறகும், போனவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் ஒரு வேளை இருக்கும். ஒருவர் 'எனக்கு ஒரு மாதம் ஓய்வு வேண்டும்' என்றால் காரணம் கேட்க மாட்டோம்.

வகுப்பு முடிந்ததும் உங்களிடம் ஒரு உறுதிமொழித் தாள் வரும். அதில் நான்கு வரிதான்: போட்டோ எடுக்க மாட்டேன், கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன், அவருக்காக நான் முடிவெடுக்க மாட்டேன், எனக்கு முடியாததை உரியவரிடம் ஒப்படைப்பேன். படித்துப் பார்த்து, மனம் ஒப்பினால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள். அறக்கட்டளை நிர்வாகிகளாகிய நாங்கள் நேற்றே போட்டுவிட்டோம்.

கொடுத்த அமானிதத்தைப் பழுதில்லாமல் காக்கும் மக்களாக வல்ல ரஹ்மான் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.